எங்கே ஒழுகுகிறது என்று கேட்காதீர்கள், எப்போது என்று கேளுங்கள்: அடைமழைக்கு முன் டெல்டா வீட்டைச் சோதிக்கும் முறை

எங்கள் வீடு மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முன்பாதி தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, முற்றம், தாழ்வாரம் எல்லாம் உண்டு. பின்பாதி அப்பா 1994இல் சேர்த்த கான்கிரீட் கட்டடம். ஓட்டு வீட்டுக்காரர் படும் பாடு, மாடி வீட்டுக்காரர் படும் பாடு இரண்டும் ஒரே பட்டாவில் எனக்கு வாய்த்திருக்கின்றன. கீழே எழுதியிருப்பவற்றில் பாதி, கொத்தனார்களிடமும் ஆசாரிகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை. மீதி காசைக் கொட்டித் தெரிந்துகொண்டவை.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில், ஐப்பசி பிறந்த கையோடு தொடங்கும். அப்போது கொத்தனாரைத் தேடினால் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் ஊறிய சுவரில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வேலைக்குரிய காலம் ஆவணியும் புரட்டாசியும்தான். அந்த இரண்டு மாதங்களிலும் சாயங்கால வேளையில் இடி மின்னலோடு சில மழைகள் வந்து போகும். அவற்றை வீட்டைச் சோதிக்க வந்த மழையாக எடுத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்ததும் ஒரு கரித்துண்டோடு அறை அறையாகச் சுற்றுங்கள். ஈரம் தெரிகிற இடத்தின் ஓரத்தில் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். மழை நின்றபின் மறுபடி ஒரு சுற்று. மறுநாள் காலை இன்னொரு சுற்று.

மணி எதற்கென்றால், ஈரம் எந்த வழியாக வந்தது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். மழையோடு தொடங்கி மழையோடு நின்றால் வழி நேரானது: ஓடு, முகடு, சன்னல் இடுக்கு. மழை விட்டு ஓரிரு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் மேலே எங்கோ நீர் தேங்கி நிதானமாக இறங்குகிறது. மழை விட்டு நாலு நாளாகியும் ஈரம் ஏறிக்கொண்டே போனால் நீர் கீழிருந்து வருகிறது. மழைக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் குழாயைச் சந்தேகப்படுங்கள். தொட்டியின் வாய்க்குழாயை ஓர் இரவு மூடிவைத்தாலே பாதி விடை வந்துவிடும்.

ஓட்டு வீடு: மழை பெய்யும்போது சொட்டுகிறது, விட்டதும் நின்றுவிடுகிறது

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கும் ஓட்டைத்தான் எல்லோரும் மாற்றுவார்கள். நானும் மாற்றினேன், மூன்று முறை. உடைந்த ஓட்டின் வழியாக உள்ளே வந்த நீர் உடனே கீழே விழுவதில்லை. ஓடு உட்காரும் ரீப்பர் கட்டையையோ, அதைத் தாங்கும் சரிவான கைமரத்தையோ பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, ஒரு கணுவோ ஆணியோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். எங்கள் கூடத்தில் ஊஞ்சல் பலகைமேல் சொட்டிய நீர், ஐந்தடி மேலே முகட்டருகே இருந்த விரல் அகலப் பிளவிலிருந்து வந்தது. ஆகவே சொட்டும் இடத்திலிருந்து முகட்டை நோக்கித் தேடிக்கொண்டு போங்கள்.

நல்ல வெயில் நேரத்தில் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டுப் பரண்மேல் ஏறி அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அதுதான் ஓட்டை. வெளிச்சம் இல்லாமல் கைமரத்தில் கறை மட்டும் இருந்தால், கறை தொடங்கும் இடம்வரை போங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால், ஒருவர் உள்ளே நிற்க, இன்னொருவர் ஏணியில் நின்று தாழ்வாரத்துப் பக்கமிருந்து முகட்டை நோக்கி வரிசை வரிசையாகக் குடத்தால் நீர் ஊற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றத் தொடங்கினால் எல்லா வரிசையும் ஒன்றாக நனைந்துவிடும். எந்த வரிசையில் குற்றம் என்று சொல்ல முடியாது.

எங்கள் அனுபவத்தில் முதல் சந்தேகம் முகட்டு ஓடுகளை இணைக்கும் காரையின்மேல் விழ வேண்டும். கோடை வெயிலில் அது வெடித்துவிடும். அடுத்தது, இரண்டு சரிவுகள் சந்திக்கும் கூடல்வாய். முற்றம் உள்ள வீட்டில் நான்கு மூலைக்கும் ஒன்று உண்டு. கூரையின் பெரும்பங்கு நீர் அங்கே பதித்திருக்கும் தகட்டின் வழியாகத்தான் போகிறது. சருகு அடைத்தால் நீர் தகட்டின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வழியும்; அதை ஓட்டை என்று நினைத்து ஓடுகளை மாற்றிக்கொண்டிருப்போம். தகட்டைத் துடைத்துப் பாருங்கள். துருப்பிடித்து ஊசித் துளை விழுந்திருந்தால் ஒட்டுப் போடாமல் தகட்டையே மாற்றிவிடுங்கள்.

நாட்டு ஓடு வேய்ந்த வீடு என்றால் வேப்பஞ்சருகும் அணில் சேர்த்த நாரும் ஓட்டின் அடியில் அடைந்து நீரை எதிர்த்திசையில் திருப்பும். முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றுவார்கள். மாற்றுவது என்றால் புதிதாக வாங்குவதல்ல. பிரித்து, உதறி, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்குவது. அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் ஆடி மாதமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

சீமை ஓட்டில் இன்னொரு சிக்கல். ஒரு தொழிற்சாலை ஓடும் இன்னொரு தொழிற்சாலை ஓடும் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பள்ளமும் மேடும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய், பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வீடு இடிக்கும் இடங்களில் பழைய ஓடு கிடைத்தால் இருபது முப்பது வாங்கிக் கொல்லையில் அடுக்கிவைப்பது நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. விரிசல் விட்ட ஓட்டின்மேல் சிமெண்ட் பூசுவது அப்படிப்பட்டதல்ல. அடுத்த கோடையில் சிமெண்ட் தனியாகவும் ஓடு தனியாகவும் பிரியும்.

மாடி வீடு: மழை விட்டபிறகு தளத்தின் அடியில் ஈரம் படர்கிறது

முதலில் ஒரு கணக்கு. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர் நீர் விழுகிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அதே மாடியில் அது 40,000 லிட்டருக்கு மேல். இவ்வளவு நீருக்கும் பல வீடுகளில் வழி ஒன்றே ஒன்று: மூலையில் ஒரு நாலு அங்குலக் குழாய். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை போய் உட்கார்ந்தால் மாடி நீச்சல் குளம்தான்.

குழாயின் வாயைச் சுத்தம் செய்தபின் பத்துக் குடம் நீரை எதிர்மூலையில் ஊற்றிப் பாருங்கள். அரை மணி கழித்து எங்கே நீர் குளம் கட்டி நிற்கிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். கீழே அறையில் உள்ள ஈரக் கறையும் இந்த வட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்தால் நோய் தெரிந்துவிட்டது: வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு, போதவில்லை. கறை சுவரோரமாக ஓடினால் வாட்டத்தில் குற்றமில்லை. தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலையில் பிளவு இருக்கிறது. அந்த மூலையில் சரிவாகப் பூசிய பூச்சுதான் முதலில் விட்டுப்போகும். தளம் மொத்தத்தையும் பெயர்க்கச் சொல்கிற மேஸ்திரியிடம், முதலில் அந்த மூலையை மட்டும் கொத்திப் பூசிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய தளங்களில், ஓடுகளுக்கு இடையிலான இணைப்புக் காரை கரைந்து நீர் இறங்கும். அடியில் உள்ள சுண்ணாம்பு ஜல்லி பஞ்சு போல அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை விட்ட பிறகு கசிவது இதனால்தான். இணைப்புகளைச் சுரண்டி, நீர்காப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் அடைக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது தளம் எலும்பாகக் காய்ந்திருக்கும்போது.

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஐப்பசியில், இரண்டு நாள் வெயில் அடித்ததை நம்பி, ஒரு கடைக்காரர் சொன்ன வெள்ளை நீர்காப்புப் பூச்சை மாடி முழுக்க அடித்தேன். தளத்துக்குள் இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போயிற்று. கார்த்திகையில் பூச்சு அப்பளம் போலக் கொப்பளித்தது. உள்ளே சிக்கிய நீர் முழுவதும் படுக்கையறைக்குள் இறங்கியது. தளம் உள்ளே காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. ஒரு முழம் பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. இதை யாராவது எனக்கு அந்த ஐப்பசிக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

மழை ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்றால் நிரந்தர வைத்தியம் எதையும் முயலாதீர்கள். விளிம்பில் செங்கல் வைத்து இறுக்கிய தார்ப்பாய், அடைப்பில்லாத குழாய் வாய், இவ்வளவுதான்.

தளத்தின் அடியில் செம்பழுப்புக் கறை கோடு கோடாகத் தெரிகிறது, தட்டினால் பொத்பொத்தென்று ஒலிக்கிறது என்றால் அது வேறு கதை. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக் காரையைத் தள்ளுகிறது. அதன்மேல் மறுபடி பூசினால் பூச்சின் கனத்தோடு சேர்ந்து விழும். அந்த இடத்தின் கீழே கட்டிலோ தொட்டிலோ இருந்தால் இன்றே நகர்த்திவிட்டு, பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டுங்கள்.

சுவரின் அடிப்பாகத்தில் ஓதம் அடிக்கிறது, உப்புப் பூக்கிறது

டெல்டாவில் இதற்கு மழையே தேவையில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடி, வயல்கள் நனைந்துவிட்டால் கிணற்று நீர் மேலே வரும். கூடவே சுவரும் குடிக்கத் தொடங்கும். எங்கள் ஓதக் கோடு ஆடியில் ஒரு சாண், கார்த்திகையில் முழங்கால். அப்பாயி அதைப் பார்த்தே, "வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது போலிருக்கிறது" என்பார்.

இது கீழிருந்து ஏறும் ஓதமா, வெளியிலிருந்து தெறிக்கும் ஈரமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். உள்சுவர், வெளிச்சுவர் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் கோடு இருந்தால் ஏறுவது. வெளிச்சுவரில் மட்டும், அதுவும் கூரை நீர் விழும் பக்கத்தில் மட்டும் இருந்தால் தெறிப்பது. இரண்டாவது வகை கிட்டத்தட்டச் செலவில்லாமல் தீரும். சுவரோரம் குவிந்திருக்கும் மண்ணை வெட்டி, பேஸ்மட்டம் வெளியே தெரியும்படி இறக்குங்கள். ஆண்டுக்கு ஆண்டு குப்பையும் மண்ணும் சேர்ந்து பேஸ்மட்டத்தை மூடிவிட்டதே பல வீடுகளின் நோய். கூரை நீர் விழும் இடத்தில் கருங்கல் ஜல்லி பரப்பினால் தெறிப்பு அடங்கும்.

கீழிருந்து ஏறுவது சுலபத்தில் தீராது. கடைக்காலுக்குமேல் நீர்த்தடுப்பு அடுக்கு இல்லாமல் கட்டிய சுவரில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். பலரும் செய்வது, உட்புறம் நீர்காப்புப் பெயிண்ட் அடிப்பது. முன்பக்கம் அடைபட்ட ஈரம் அதற்கு மேலே ஏறி, பெயிண்ட் முடியும் இடத்தில் புதிதாகப் பூக்கும். முழங்காலில் இருந்ததை நீங்களே இடுப்புக்கு ஏற்றிவிட்டீர்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான் பொருத்தம். அது ஈரத்தை வெளியே விடும். உதிர்ந்த சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் பூசுங்கள். பூத்த உப்பை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த தென்னந்துடைப்பத்தால் தட்டி அள்ளுங்கள். அலமாரியும் பீரோவும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். பின்பக்கம் காற்று போகாவிட்டால் பூஞ்சணம் பட்டுப் புடவையில்தான் முதலில் குடியேறும்.

விரிசல் மழைக்காலத்தில் மூடுகிறது, கோடையில் திறக்கிறது

நம் களிமண்ணின் குணம் அது. ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைக்கால் ஆழமில்லாத வீடு அதோடு சேர்ந்து அசைகிறது.

மயிரிழை விரிசல்களுக்கு அஞ்ச வேண்டாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிசையில் படிக்கட்டு போலவோ போகும் விரிசலுக்குமேல் ஒரு சன்னக் கண்ணாடித் துண்டைக் குறுக்காக வைத்து, இரு பக்கமும் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பூசி மறைப்பதில் பயனில்லை. உடையாவிட்டால் பழைய காயம்தான், விரிசலைச் சற்று அகலமாகக் கீறி அடைத்துக்கொள்ளலாம்.

கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் இலைதான் கையோடு வரும், வேர் உள்ளே தங்கிவிடும். சுற்றிலும் கொத்தி வேரோடு எடுத்து உடனே அடைக்க வேண்டும்.

மண்சுவரும் கீற்றுக் கூரையுமான வீட்டில் பார்க்க வேண்டிய முதல் இடம் சுவரின் அடி. நீர் தெறித்துத் தெறித்து அடி அரித்து, மேல்பாகம் வயிறு தள்ளினாற்போலத் தெரிந்தால், அந்தச் சுவரோரம் யாரையும் படுக்க வைக்காதீர்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் செய்தித்தாளில் வரும் இறப்புகளில் சில, இரவில் ஊறி விழுந்த மண்சுவரால் நிகழ்ந்தவை. சுவர் விழுவது பெரும்பாலும் மழை கொட்டும்போதல்ல. இரண்டு மூன்று நாள் ஊறியபிறகு. மழை விட்டுவிட்டதே என்று திரும்பிப்போய்ப் படுப்பதுதான் ஆபத்து. கீற்றைப் புரட்டாசிக்குள் மேய்ந்து, சுவருக்கு வெளியே ஒன்றரை முழமாவது கூரை நீளும்படி இறக்கிவிட்டால் சுவரின் ஆயுள் கூடும்.

தெருத் தண்ணீர் வாசலுக்கு வருகிறது

அப்பா வீடு கட்டியபோது வாசலிலிருந்து தெருவுக்கு மூன்று படி இறங்க வேண்டும். இப்போது ஒரு படி. வீடு இறங்கவில்லை, சாலை ஏறியிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது போட்டால் அப்படித்தான் ஆகும். உங்கள் வீட்டு வாசலுக்கும் சாலை நடுவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை, நீர் நிரப்பிய ஒளிபுகும் ரப்பர் குழாயை இரு முனையிலும் பிடித்து அளந்துவிடுங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் வழி அது. சாலை உயரமென்றால் வாசற்படியின் குறுக்கே அரையடித் தடுப்பு கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, வீட்டு நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். முற்றத்துத் தூம்பு, தெருச் சாக்கடை, வடிவாய்க்கால், வடிகால் ஆறு, கடல். டெல்டா தட்டையான பூமி. கடைமடையில் கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் நீர் வடிய மறுக்கும். அதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் தெருமுனைக் குழாய்ப் பாலத்தின் அடியில் சிக்கிய ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் நாலு பேர் சேர்ந்து அரை நாளில் அப்புறப்படுத்தலாம். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்குமேல் பெய்தது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த ஏற்பாடும் போதாது. சாதாரண மழைக்கே வீடு மூழ்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

மணல் மூட்டையை முழுக்க நிரப்பாதீர்கள். பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, வாயை மடித்து அடியில் செருகி, செங்கல் கட்டுவதுபோல மூட்டு மாற்றி அடுக்கி மிதித்தால்தான் இடுக்கில்லாமல் படியும். முன்பக்கம் பாலித்தீன் தாள் விரித்தால் இன்னும் நல்லது. வாசலை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும்போது குளியலறைத் தூம்பு வழியாக நீர் பொங்கி வரும். அதற்கென்று ஒரு சின்ன மணல் பை தனியாகத் தைத்து வையுங்கள்.

வீட்டுக்குள் நீர் வரும் என்று தெரிந்தால் கேஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள், அது மிதக்கும். பத்திரமும் குடும்ப அட்டையும் இரட்டை பிளாஸ்டிக் பையில் பரணுக்குப் போகட்டும். விதைநெல் இருந்தால் அதற்கும் பரண்தான் இடம்.

கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை

மழை பெய்யும் வாரத்தில் மட்டும் இப்படி என்றால் அடைப்பு இல்லை. நிலத்தடி நீர், கழிவுநீர் இறங்கும் உறைகிணற்றின் வாய்வரை வந்துவிட்டது, கழிவுநீர் போக இடமில்லை. லாரியை அழைத்து உறிஞ்சச் சொன்னால் காசு வாங்கிக்கொண்டு உறிஞ்சுவார்கள். மறுநாள் காலை மறுபடி நிறைந்திருக்கும். இன்னும் மோசம், சுற்றிலும் நீர் ததும்பி நிற்கும்போது தொட்டியைக் காலி செய்தால் அது மேலே கிளம்பி, குழாய் முறியலாம். சிமெண்ட் உறை இறக்கிய தொட்டி என்றால் சரியலாம். உறிஞ்ச வேண்டிய மாதம் ஆவணி. மழையில் மாட்டிக்கொண்டால், குளியல், துணி துவைத்த நீரைத் தொட்டிக்குப் போகவிடாமல் வேறு பக்கம் திருப்புங்கள். கழிவறைக்கு மட்டும் இடம் கிடைக்கும்.

சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்கிறது, அல்லது மின்சாரம் அடிக்கடி விழுகிறது

இதில் பரிசோதனையே வேண்டாம். சுருக்கென்றால் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த கையால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் பலகையே நனைந்திருந்தால், அல்லது நீர் தேங்கி நிற்கிறதென்றால் கிட்டவே போக வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அங்கே சொல்லிக் கம்பத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் விழுந்துகொண்டே இருந்தால் அது கெட்டுவிட்டது என்று கழற்றச் சொல்பவர்கள் உண்டு. அது தன் வேலையைச் செய்கிறது. எல்லாச் சுற்றுகளையும் அணைத்துவிட்டு அதைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதில் கசிவு. எங்கள் வீட்டில் அது வாசல் விளக்கு: உள்ளே நீரும், ஒரு பல்லியும். தடுப்பான் இல்லாத வீடாக இருந்தால் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் புரட்டாசிக்குள் மாட்டிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் பேரம் பேசாமல் செலவு செய்யச் சொல்வது இது ஒன்றுக்குத்தான்.

கதவு சாத்த மறுக்கிறது

இழைக்காதீர்கள். மழையில் இழைத்த கதவு பங்குனியில் சுருங்கி விரல் நுழையும் சந்து விடும். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஒப்பேற்றுங்கள். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பெயிண்ட் காணாத இடங்கள். கோடையில் கழற்றி அங்கே அடித்துவிட்டால் ஊதுவது குறையும்.

காற்றுக்குத் தகடு படபடக்கிறது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் கொல்லைக் கொட்டகைத் தகடுகள் பக்கத்து வயலில் கிடந்தன. காற்று தகட்டை அழுத்தி உடைப்பதில்லை. மேலே உறிஞ்சி எடுக்கிறது. ஓரத்துத் தகடும் முகட்டுத் தகடும்தான் முதலில் போகும். போல்ட்டின் அடியில் உள்ள வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஓர வரிசையில் போல்ட்டை இரட்டியாக்குங்கள். தகட்டின்மேல் வெறும் கல்லைத் தூக்கி வைப்பது காற்றுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பது. கயிற்றின் இரு முனையிலும் மணல் மூட்டை கட்டிக் குறுக்கே தொங்கவிடலாம். சிமெண்ட் தகட்டின்மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு ஏறுங்கள்.

தென்னைகளில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள். வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தை வெட்டுவதா என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தோம். கஜா எங்களுக்காக முடிவெடுத்தது. பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் மேல்தொட்டியை நிரப்பி, மாவு அரைத்து, கைப்பேசியில் மின்னேற்றிக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கிணற்று நீர் கலங்கிவிட்டது

வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் உடனே இறைத்துக் காலி செய்ய நினைக்காதீர்கள். சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது உறை சரியும். வெளிநீர் வடியட்டும். பிறகு பிளீச்சிங் பவுடர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. நாலடி விட்டமுள்ள உறைகிணற்றில் பத்தடி நீர் இருந்தால் ஏறக்குறைய 3,500 லிட்டர். ஒன்பது கிராம் போதும். வெள்ளத்துக்குப்பின் அதை இரட்டியாக்குங்கள். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரமாவது விடுங்கள். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். குடிப்பதற்குக் கொதிக்க வைத்த நீர்தான்.

தவளைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது

தவளை நுழைந்த வழியில் அதைத் தேடிப் பாம்பும் வரும். தூம்பு வாய்களுக்குக் கம்பிவலை, கதவின் அடிச் சந்துக்கு ரப்பர் பட்டை, விறகும் வறட்டியும் சுவரைவிட்டுத் தள்ளி. மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுப்பதை விட்டுவிடுங்கள். கட்டுவிரியன் இரவில் உறங்குபவர்களைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். காலையில் கண்ணிமை தொங்கினால், காரணமில்லாமல் வயிறு வலித்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம்.

மழை முடிந்து மார்கழி பனி இறங்கியதும் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவார். அவர் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்ப்பதற்கு முன், சுவரிலும் கைமரத்திலும் போட்ட கரிக்கோடுகளையும் மணியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இரண்டு ஆண்டு மறந்துவிட்டேன். இரண்டு ஆண்டும் அதே ஊஞ்சல் பலகைமேல் சொட்டியது.